போல்ட் ஏறினால் போதுமா? 1968 கமாரோ ஒன்றுக்கு முன் சப்ஃபிரேம் மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகர் வீட்டு கராஜில் நடந்தது இது. காரின் சொந்தக்காரர் தொழிற்சாலையில் அச்சுகளும் கருவிகளும் செய்து ஓய்வு பெற்றவர். கார் 1968 செவர்லே கமாரோ. 327 கன அங்குல வி8 எஞ்சின், நாலு கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அவரைவிட அவருடைய மகள்தான் அதை அதிகம் ஓட்டினார். நான் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவன். சஸ்பென்ஷன் வேலைதான் என் தொழில் என்பதால், அளவெடுக்கும் ஆளாக இதில் சேர்ந்தேன்.

இந்தக் காரின் அமைப்பைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டிலிருந்து பின்பக்கம் வரை கமாரோவின் உடல் ஒரே கூடு. தனிச் சேசி கிடையாது. முன்பக்கம் மட்டும் ஒரு தனி இரும்புச் சட்டம், அதாவது சப்ஃபிரேம், கீழிருந்து போல்ட் போட்டு உடலோடு சேர்க்கப்பட்டிருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ரேடியேட்டர் பக்கம் இரண்டு, தடுப்புத் தகட்டின் அடியில் இரண்டு, தரைத் தகட்டின் அடியில் இரண்டு என்று ஆறு தாங்கிகள். ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டு) வைத்த அந்த ஆறு இடங்கள்தான் முன் பாதிக்கும் பின் பாதிக்கும் உள்ள உறவு.

ஆறு போல்ட்டைக் கழற்றினால் முன்பக்கமே தனியாக வந்துவிடும் என்பதால்தான், வேறு வருடத்துக் காரின் சப்ஃபிரேமைக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்ற ஆசை இந்தக் கார்காரர்களுக்கு ஐம்பது வருடமாக இருக்கிறது.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

மகள்தான் முதலில் சொன்னார். நெடுஞ்சாலை வளைவில் வண்டி "கேட்டதைவிட அதிகமாகத் திரும்புகிறது" என்றார். இடது முன் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டுக்குப் போன இடத்தில், மேல் கன்ட்ரோல் ஆர்முக்கு (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையவிடும் கை) பின்னால் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எவ்வளவு மாற்றிப் பார்த்தும் இடது பக்கம் சரியான அளவுக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதுவே போதுமான தடயம். ஷிம்மால் சரிசெய்ய முடியாத கோணம் என்றால், பெரும்பாலும் ஷிம் உட்காரும் இடமே நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

வண்டியைத் தூக்கி, கிரீஸையும் பழைய அண்டர்கோட்டையும் சுரண்டிப் பார்த்தோம். சப்ஃபிரேமின் இடது ரெயிலில், அதாவது அதன் நீளவாக்கு இரும்பில், ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பழைய வெல்டிங் தெரிந்தது. எப்போதோ முன் இடது மூலையில் அடிபட்டு, இழுத்து நிமிர்த்தி, மேலே தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்தத் தகட்டுக்கும் ரெயிலுக்கும் நடுவே உப்பு இறங்கியிருந்தது. மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். இரண்டு தகடு ஒட்டும் இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது குடியேறிவிடும். சுத்தியல் முனையால் தட்டினால் ஓட்டைச் சத்தம். தரையில் தூக்குக்குண்டு விட்டுக் குறித்து மூலைவிட்டம் அளந்தபோது இரண்டு பக்கத்துக்கும் மூன்று நூல் வித்தியாசம் வந்தது. (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. நம்மூர் ஆசாரிகளின் கணக்கு என் கைக்குப் பழகிவிட்டது.)

ஸ்டீயரிங் பாக்ஸைத் தாங்கும் இரும்பு அரித்துப்போயிருக்கும்போது மறுபடி ஒரு தகடு வைத்து ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சப்ஃபிரேம் மாற்றுவது என்று அன்றைக்கே முடிவானது. எதை மாட்டுவது என்பதில்தான் தவறு நடந்தது.

அளக்காமல் வாங்கிய சப்ஃபிரேம்

அடுத்த வாரமே சொந்தக்காரர் ஒரு சப்ஃபிரேமை டிரெய்லரில் ஏற்றி வந்துவிட்டார். 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்த இரண்டாம் தலைமுறைக் கமாரோவுடையது. டிஸ்க் பிரேக், ஸ்டீயரிங் பாக்ஸ், கன்ட்ரோல் ஆர்ம் எல்லாம் அப்படியே இருந்தன. விலையும் மலிவு. "போல்ட் எல்லாம் நேராக ஏறிவிடும், நிறையப் பேர் செய்திருக்கிறார்கள்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார்.

அவர் ஆசைப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் தலைமுறைக் கமாரோ 1967 முதல் 1969 வரை வந்தது. இரண்டாம் தலைமுறை 1970 பிப்ரவரியில் அறிமுகமாகி 1981 வரை ஓடியது. புதிய வடிவில் முன் டிஸ்க் பிரேக் எல்லா வண்டிக்கும் வந்தது. முன் சஸ்பென்ஷனும் மேம்பட்டது. இரண்டு தலைமுறைக்கும் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம்) ஒரே 108 அங்குலம். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, பழைய உடலுக்குப் புதிய கால் கிடைத்த மாதிரிதான் தோன்றும்.

அன்று இரவே பழைய வண்டியைக் கழற்ற ஆரம்பிக்கலாம் என்றார். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். இந்த மொத்த வேலையில் எங்களுக்கு மிகப் பெரிய மிச்சம் அந்த ஒரு வாரம்தான்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தபோது

வாங்கிய சப்ஃபிரேமை ஸ்டாண்டில் நிறுத்தி மட்டம் பார்த்து, வண்டியில் இருக்கும் பழையதன் அளவுகளோடு ஒப்பிட்டோம். முதல் பார்வையிலேயே கண்ணில் பட்டது ஸ்டீயரிங் பாக்ஸ். முதல் தலைமுறையில் பாக்ஸும், அதிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடும் முன் அச்சுக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும். இரண்டாம் தலைமுறையில் அவை அச்சுக்கு முன்னால். அப்படியானால் காருக்குள்ளிருந்து வரும் ஸ்டீயரிங் தண்டு அவ்வளவு தூரம் கூடுதலாக நீள வேண்டும். நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் உரசாமல் போக வழி வேண்டும்.

இந்த இட மாற்றம் வசதிக்காகச் செய்ததல்ல. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளும். கீழ் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் அந்த அழுத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சக்கரத்தின் நடுப்பகுதி உள்ளே போகும். ஆனால் டை ராடு விட்டுக்கொடுக்காது. டை ராடு சக்கரத்துக்குப் பின்னால் இருந்தால், சக்கரத்தின் பின்பகுதி நின்றுவிடும், முன்பகுதி இன்னும் உள்ளே திரும்பும். ஓட்டுபவர் கேட்காமலே வண்டி கூடுதலாகத் திரும்புகிறது. டை ராடு முன்னால் இருந்தால் நேர் எதிர்: சக்கரம் கொஞ்சம் வெளியே பார்க்கும், வண்டி கொஞ்சம் குறைவாகத் திரும்பும். சாதாரண ஓட்டுநருக்கு இதுதான் பாதுகாப்பு. மகள் சொன்ன "கேட்டதைவிட அதிகம்" என்பதில் பாதி காரணம் வளைந்த ரெயில் என்றால், மீதிப் பாதி ஊறிப்போன பழைய புஷ்ஷும் பின்னால் இருக்கும் டை ராடும் சேர்ந்து செய்தது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் புதியதுதானே நல்லது?" என்றார் சொந்தக்காரர். சரியான கேள்விதான். பதில் அடுத்தடுத்த அளவுகளில் வந்தது.

1968 காரின் முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 59.6 அங்குலம். 1970இல் அது 61.3. பக்கத்துக்கு ஏறக்குறைய ஏழு நூல் வெளியே வரும். முதல் தலைமுறை ஃபென்டரின் விளிம்பு அதற்காகச் செய்ததல்ல; வண்டியின் உயரத்தைக் குறைத்து, அகலமான டயர் போட்டிருக்கும் இந்தக் காரில் திருப்பும்போது உரசும். உள்ளே தள்ளிய ரிம் வாங்கலாம், ஆனால் அது இன்னொரு செலவு. ரேடியேட்டர் தாங்கியும் பம்பர் பிராக்கெட்டும் முன் மூக்கின் வடிவத்துக்கேற்பச் செய்தவை, இரண்டு தலைமுறைக்கும் மூக்கு வேறு. உடல் தாங்கிகளையும் நம் உடலுக்கு ஏற்றபடி வெட்டி மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

எங்களைத் தடுத்து நிறுத்தியது இந்தத் தாங்கி விஷயம்தான். வீல்பேஸ் 108 என்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. தடுப்புத் தகட்டிலிருந்து முன் அச்சு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்லாது. அந்தத் தூரத்தை வெல்டிங்கில் நாமே தீர்மானிக்க வேண்டுமென்றால், தொழிற்சாலையில் ஜிக் (பாகங்களை அளவு பிசகாமல் பிடித்துவைக்கும் அமைப்பு) வைத்துச் செய்த வேலையைக் கராஜ் தரையில் செய்கிறோம் என்று பொருள். சொந்தக்காரர் அச்சுக்கருவி செய்தவர். ஜிக் என்றால் என்னவென்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் சொல்லி முடிப்பதற்குள் அளவுகோலை மடித்து வைத்துவிட்டார்.

எடுத்த முடிவும் காரணமும்

நாலு வழிகளைப் பேசினோம். பழைய சப்ஃபிரேமையே பெஞ்சில் ஏற்றி இழுத்துச் சரிசெய்வது, அரிப்பு காரணமாகத் தள்ளுபடி. இன்றைக்குப் புதிதாகச் செய்து விற்கும் சப்ஃபிரேம்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஆயிரக்கணக்கான டாலர். அவருடைய பட்ஜெட்டில் இல்லை.

மூன்றாவது ஒரு குறுக்கு வழி: இரண்டாம் தலைமுறையின் ஸ்பிண்டிலை (சக்கரம் மாட்டிச் சுழலும் பாகம்) மட்டும் கழற்றி, இடது வலது மாற்றி, பழைய சட்டத்தில் மாட்டுவது. பல வருடமாகச் சிலர் செய்வதுதான். டிஸ்க் பிரேக் கிடைக்கும். ஆனால் டை ராடு போகும் வில்லும் கன்ட்ரோல் ஆர்ம் போகும் வில்லும் ஒத்துப்போகாமல், மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டிய வண்டியை அந்தப் பெண்ணிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

நாலாவது வழியைத்தான் எடுத்தோம்: செவர்லே நோவா. 1968 முதல் 1974 வரை வந்த நோவாவின் முன்பக்கம் முதல் தலைமுறைக் கமாரோவோடு பங்கிட்டுக்கொண்டது. நோவாவின் வீல்பேஸ் 111 அங்குலம், கமாரோவைவிட மூன்று அங்குலம் அதிகம். இருந்தும் சப்ஃபிரேம் ஒன்றேதான், ஏனென்றால் கூடுதல் நீளம் பின்பக்க உடலில் இருக்கிறது. ஒரே வீல்பேஸ் கொண்ட கமாரோ பொருந்தவில்லை, வேறு வீல்பேஸ் கொண்ட நோவா பொருந்துகிறது. இதைச் சொந்தக்காரர் இரண்டு தடவை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு கவலை மட்டும் அவருக்கு மிச்சமிருந்தது: பழைய அமைப்பிலேயே இருந்துவிடுகிறோமே என்று. 1968இல் பந்தய ஓட்டுநர் மார்க் டோனஹ்யூ, அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கியின் கமாரோவில் டிரான்ஸ்-ஆம் கார்ப் பந்தயத் தொடரின் 13 பந்தயங்களில் 10ஐ வென்றார். ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் இதே முதல் தலைமுறை முன்பக்கம்தான். பந்தய வண்டியையும் தெரு வண்டியையும் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அந்த அமைப்புக்குள்ளேயே சரிசெய்ய நிறைய இடம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

1971 நோவா ஒன்று உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்படுவது தெரிந்து, இம்முறை தூக்குக்குண்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு போனோம். ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். ரெயில் சுத்தமாக இருந்தது, மூலைவிட்டம் அரை நூலுக்குள் ஒத்துப்போனது. பணம் கொடுத்தோம்.

வேலை நடந்த விதம்

கழற்றியது இரண்டு நாள். அதில் ஒரு நாள் முழுக்க ஒரே போல்ட்டுக்குப் போனது. தரைத் தகட்டுக்கு அடியிலுள்ள வலது தாங்கியின் நட், உடலுக்குள் ஒரு தகட்டுக் கூட்டில் அடைத்து வைக்கப்பட்டது. துரு பிடித்துக் கூடு உடைந்து, போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றியது. முதலிலேயே துருநீக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட்டிருக்க வேண்டும். அவசரத்தில் பெரிய ரெஞ்சைப் போட்டுத் திருப்பினேன், தவறு என்னுடையது. காருக்குள் கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் ஒரு சின்னக் கதவு போல வெட்டி, நட்டைப் பிடித்துக் கழற்றி, புதுக் கூடு வைத்து மறுபடி மூடிப் பற்றவைத்தோம்.

நோவாவின் சட்டத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, உள்ளேயும் வெளியேயும் பெயின்ட் அடித்தோம். அது மொட்டையாக இருக்கும்போதே, டிக் கல்ட்ஸ்ட்ராண்ட் என்ற பந்தயக்காரரின் பெயரால் அறியப்படும் மாற்றத்தையும் செய்தோம்: மேல் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் துளைகளைக் கீழே இறக்கித் துளைப்பது. இந்தக் காரின் பெரிய குறை, வளைவில் உடல் சாயும்போது வெளிச் சக்கரமும் சேர்ந்து வெளியே சாய்வது. துளையை இறக்கினால், சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உள்நோக்கிச் சாயும், டயர் தரையில் பதிந்து நிற்கும். இரண்டாம் தலைமுறையிடம் அவர் தேடிய குணத்தில் ஒரு பங்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் இருக்கச் சொந்தக்காரர் கனத்த தகட்டில் ஒரு அச்சு செய்து, அதை வைத்துத் துளைத்தார். அன்றைக்கு அவர் கை ஓய்வு பெற்ற கையாகத் தெரியவில்லை.

எதிர்பாராத ஒன்று: நோவா ஆட்டோமேட்டிக் என்பதால், கிளட்ச் பெடலின் அசைவைக் கடத்தும் லிங்க்கேஜின் சட்டப் பக்கத்துப் பிராக்கெட் அதில் இல்லை. பழைய சட்டத்திலிருந்து எடுத்து மாட்டினோம். நல்ல வேளையாகப் பழையதை இரும்புக் கடைக்கு அனுப்பியிருக்கவில்லை. ஆறு சிலிண்டருக்கான ஸ்பிரிங்கை மாற்றி வி8க்கு உரியதைப் போட்டோம்.

தாங்கிக்கு ரப்பரா, அலுமினியமா என்று ஒரு மாலை முழுக்க வாதம். அலுமினியம் போட்டால் முன்னும் பின்னும் ஒரே கட்டையாக இறுகும், ஸ்டீயரிங் கூர்மையாகும். ஆனால் அதிர்வு எல்லாம் உடலுக்கே போகும். ஒட்டுப் போட்ட தரைத் தகட்டை நினைத்து, ஆறிலும் புது ரப்பர் என்று முடித்தோம். நாலு ரப்பர், இரண்டு அலுமினியம் என்று கலந்து போடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

இனி முக்கியமான கட்டம். போல்ட் துளைகள் போல்ட்டைவிடப் பெரியவை. சட்டம் அங்குமிங்கும் நகர இடம் உண்டு. அப்படியே இறுக்கினால் போல்ட் ஏறிவிடும், வண்டி கோணலாகவே நிற்கும். இதற்காகவே தொழிற்சாலையில் சட்டத்திலும் உடலிலும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வழிகாட்டித் துளைகள் விட்டிருக்கிறார்கள். ஐந்து நூல் விட்டமுள்ள கம்பியை இரண்டு பக்கமும் அவற்றுக்குள் நுழைத்து, கம்பி தடையில்லாமல் இறங்கும் வரை சட்டத்தை நகர்த்தி, அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். நாங்கள் கம்பி போட்டு, கூடவே பின் ஸ்பிரிங்கின் முன் முனையிலிருந்து கீழ் கன்ட்ரோல் ஆர்ம் வரை தூக்குக்குண்டு விட்டு மூலைவிட்டமும் பார்த்தோம். முதல் தடவை ஒன்றரை நூல் வித்தியாசம். தளர்த்தி, தள்ளி, மறுபடி. நாலாவது தடவை அரை நூலுக்குள் வந்தது.

பிரேக்கில், 1969க்குப் பிந்தைய ஒற்றை பிஸ்டன் டிஸ்க் அமைப்பைப் போட்டோம். இந்த ஸ்பிண்டிலுக்கு நேராக வருவது அது, 11 அங்குல டிஸ்க். அதோடு டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் சேர்த்து அமைந்த மாஸ்டர் சிலிண்டரும் வால்வும்.

விளைவு

அலைன்மென்ட்டுக்கு முன் கராஜிலேயே ஒரு சோதனை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்று குறித்தோம். மேல் ஆர்மின் இடத்தை மாற்றியதால் இதைப் பார்க்காமல் விட முடியாது. சாதாரணமாக ஓடும் உயரத்தில் மாற்றம் மிகக் குறைவு. முழுக்க அமுங்கும்போது கொஞ்சம் கூடியது. அதை ஏற்றுக்கொண்டோம்.

அலைன்மென்ட்டில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை ஷிம்மில் கோணங்கள் வந்தன. புத்தகத்தில் இருக்கும் பழைய காஸ்டர் அளவு (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) அந்தக் காலத்து பயாஸ் டயருக்கானது. இன்றைய ரேடியல் டயருக்காக அதைக் கூட்டி வைத்தோம்.

முதல் ஓட்டத்தில் பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனது. பின் டிரம்மின் அட்ஜஸ்ட்மென்ட்தான் காரணம், அரை மணி நேர வேலை. ஸ்டீயரிங் சக்கரம் சற்றுக் கோணலாக நின்றது, டை ராடில் சரிசெய்தோம். மகள் அதே நெடுஞ்சாலை வளைவில் போய்விட்டு வந்து, "இப்போது நான் திருப்பும் அளவுக்குத்தான் திரும்புகிறது" என்றார். ஒரு கோடைக்காலம் முழுக்க ஓடியபின் டயரைக் கழற்றிப் பார்த்தேன், தேய்மானம் ஒரே சீர். தாங்கிகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம், எதுவும் தளரவில்லை.

முதலில் வாங்கிய இரண்டாம் தலைமுறைச் சப்ஃபிரேம் வீணாகவில்லை. 1950களின் செவர்லே பிக்கப்புக்கு முன்பக்கமாக வைத்துப் பற்றவைக்க அதைத் தேடுகிறவர்கள் நிறைய. அப்படி ஒருவர் வாங்கிப் போனார். எப்படியும் சட்டத்தை வெட்டி ஒட்டியே ஆகவேண்டிய வேலை அது. இது அங்கே பொருத்தமானது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

வாங்குவதற்கு முன் அளப்போம். போல்ட் துளைகளை மட்டும் பார்க்காமல், தடுப்புத் தகட்டிலிருந்து முன் அச்சுக் கோட்டுக்கு எவ்வளவு, ஸ்டீயரிங் பாக்ஸ் அச்சுக்கு எந்தப் பக்கம், சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக்கொண்டுதான் விலை பேசுவோம். இரண்டாம் தலைமுறைச் சட்டத்தை முதல் தலைமுறையில் வைப்பது முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. ஜிக்கும் நல்ல வெல்டரும் இருந்து, தண்டு, தாங்கி, ரிம், பம்பர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யத் தயாராக இருப்பவர் செய்யலாம். மலிவு என்பதற்காக மட்டும் செய்யக் கூடாது. கணக்குப் போட்டால் மலிவே இல்லை.

கழற்றுவதற்கு முன்பே தரையின் நட் கூடுகளை உள்ளிருந்து பார்த்துவிடுவோம். பழைய சட்டத்தைக் கடைசி நாள் வரை வைத்திருப்போம்.

வலது பக்கத் தரைத் தகட்டை வெட்டிய இடத்தில் போட்ட ஒட்டு இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. உள்பக்கம் சீலர் சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகம். அடுத்த பனிக்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பதாக இருக்கிறோம்.